ஒரு நிமிஷ அறிக்கை

16 அடி நீள ஓவியம் அது. குரங்கு போன்ற மூதாதைகள் கொஞ்சம் கொஞ்சமாக முதுகு நிமிர்ந்து மனிதர்களாகும் காட்சி. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாகாணத்தில், டோவர் என்கிற சின்ன ஊரின் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு மாணவர், படிப்பை முடித்துக் கிளம்பும்போது வரைந்து கொடுத்தது. ஆசிரியர்கள் ஆசையாக சயன்ஸ் வகுப்பறையில் வைத்திருந்தார்கள்.

2002 கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், ஓவியத்தைக் காணோம். பள்ளிக் கட்டடங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தவர் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கொளுத்திவிட்டார். காரணம் வேறொன்றுமில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை.

அப்போது அது உள்ளூர் சங்கதி. மூன்றே வருஷத்தில் அதே பள்ளிக்கூடம் உலகத்துப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. ஒரு நிமிஷத்தில் படித்து முடித்துவிடக்கூடிய ஓர் அறிக்கையால்.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஸ்கூல் போர்டு உண்டு. உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. டோவர் போர்டில் ஒன்பது பேர். 2004-ல் ஒன்பதாம் வகுப்புக்குப் புது உயிரியல் புத்தகம் வாங்கவேண்டும் என்று பேச்சு வந்தது. பாடத்திட்டக் கமிட்டியின் தலைவராக இருந்தவர் பில் பக்கிங்ஹாம். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். எங்கே திருப்பினாலும் டார்வின். இது ஆகாது என்றார். எதிர்த்தரப்பு விளக்கமும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

2004 அக்டோபர் 18. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்ட மூவரில் இருவர் கணவன் மனைவி. ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தீர்மானத்தின் விளைவாக வந்ததுதான் அந்த ஒரு நிமிஷ அறிக்கை. பரிணாமப் பாடம் தொடங்குவதற்கு முன்னால் வகுப்பில் வாசிக்கவேண்டும். அதன் சாரம் இது. டார்வின் சொன்னது வெறும் தியரி, உண்மை அல்ல. அதில் ஓட்டைகள் இருக்கின்றன. ‘இன்டெலிஜென்ட் டிசைன்’, அதாவது உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்கிற வேறொரு விளக்கமும் இருக்கிறது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ என்று ஒரு புத்தகம் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? இரண்டு பக்கமும் சொல்லட்டுமே, பிள்ளைகள் முடிவு செய்துகொள்ளட்டுமே?

சயன்ஸ் ஆசிரியர்கள் மட்டும் முடியவே முடியாது என்றார்கள். தெரிந்தே பாடத்தைத் திரித்துச் சொல்லக்கூடாது என்று ஆசிரியர்களுக்கான மாகாண நெறிமுறை சொல்கிறது. அதை எங்களால் மீற முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலை போனாலும் போகட்டும் என்கிற துணிச்சல். கடைசியில் 2005 ஜனவரியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அதைப் பற்றி மாணவர்கள் கேள்வி கேட்கக்கூடாது. ஆசிரியர்கள் விவாதிக்கக்கூடாது.

இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் பதினோரு பெற்றோர் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். ‘கிட்ஸ்மில்லர் எதிர் டோவர்’ என்று வழக்குக்குப் பெயர். கோர்ட் முன்னால் இருந்த கேள்விகளில் முக்கியமான ஒன்று இது: எது விஞ்ஞானம்?

*

நான் படித்தது பி.காம். விஞ்ஞானத்துக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு பந்தம் அறுந்துவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் முதல் வருஷ அக்கவுன்டன்ஸி வகுப்பிலேயே எனக்குக் கிடைத்திருந்தது. அப்போது தெரியவில்லை, அவ்வளவுதான்.

ட்ரயல் பேலன்ஸ் என்று ஒன்று போடுவோம். பேரேட்டில் இருக்கிற பற்றையெல்லாம் ஒரு பக்கம், வரவையெல்லாம் மறுபக்கம் கூட்டிப் பார்ப்பது. இரண்டும் ஒத்துப்போனால் கணக்கு சரி என்று அர்த்தமா? இல்லை. ஒத்துப்போகிற தப்புகளும் உண்டு என்று வாத்தியார் சொல்லிக் கொடுப்பார். ஆனால் ஒத்துப்போகவில்லை என்றால்? எங்கேயோ தப்பு இருக்கிறது. அதில் சந்தேகமே கிடையாது. எட்டணா உதைத்தாலும் உட்கார்ந்து தேடித்தான் ஆகவேண்டும்.

கார்ல் பாப்பர் என்கிற தத்துவவாதி 1934-ல் விஞ்ஞானத்தைப் பற்றிச் சொன்னதும் ஏறத்தாழ இதேதான். ஒரு கொள்கையை முழுக்கச் சரி என்று எந்தக் காலத்திலும் நிரூபிக்க முடியாது. ஆனால் தப்பென்று நிரூபிக்க வழி இருக்கவேண்டும். இன்னது நடந்தால் என் கொள்கை காலி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற தைரியம் வேண்டும். அது இருந்தால் விஞ்ஞானம். எது நடந்தாலும் எனக்குச் சாதகம்தான் என்று சொல்கிற கொள்கை, வேறு என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம். விஞ்ஞானம் அல்ல.

இதில் ஒரு வேடிக்கை. டார்வினின் இயற்கைத் தேர்வை இந்தப் பரீட்சைக்கு உட்படுத்த முடியாது என்றுதான் பாப்பரே கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தார். பரிணாமத்தை எதிர்க்கிறவர்களுக்குக் கேட்கவேண்டுமா? பாப்பரே சொல்லிவிட்டார் என்று கொண்டாடினார்கள். ஆனால் மனிதர் நேர்மையானவர். 1977-ல் கேம்பிரிட்ஜின் டார்வின் கல்லூரியில் பேசும்போது, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், இதைப் பரீட்சித்துப் பார்க்க முடியும் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். கொண்டாடியவர்களில் பலர் அந்தப் பேச்சை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

சரி, பரிணாமம் எப்போது காலியாகும்? உயிரியல் மேதை ஜே.பி.எஸ். ஹால்டேனிடம் இதைக் கேட்டபோது, ‘கேம்பிரியன் காலத்துக்கு முந்தைய பாறையில் ஒரு முயலின் எலும்பு கிடைத்தால் போதும்’ என்றாராம். அவர் சொன்னதாகக் காலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். பாலூட்டிகளே தோன்றுவதற்குப் பல கோடி வருஷம் முந்தைய பாறை அது. ஒரே ஒரு முயல். மொத்தக் கணக்கும் உதைக்கும். அதே ஹால்டேன் 1957-ல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கே வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் கண்மூடினார். அந்த முயல் இன்றுவரை கிடைக்கவில்லை.

*

2005 செப்டம்பர் 26. ஹாரிஸ்பர்க் நகர ஃபெடரல் கோர்ட்டில் விசாரணை தொடங்கியது. ஜூரி கிடையாது. நீதிபதி ஜான் ஜோன்ஸ் மட்டும். குடியரசுக் கட்சிக்காரர். அவரை நியமித்தவர் அதிபர் ஜார்ஜ் புஷ். அந்த புஷ்ஷோ, இரண்டு தரப்பையும் சொல்லிக்கொடுப்பது நல்லதுதான் என்று ஏறத்தாழ இரண்டு மாசத்துக்கு முன்னால் பேட்டியே கொடுத்திருந்தார். தீர்ப்பு எப்படி இருக்கும் என்று ஊரில் பலர் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி, பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் மில்லர். பக்கிங்ஹாமுக்குப் பிடிக்காத அந்த உயிரியல் புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவர். நாத்திகர் அல்ல. கடவுள் நம்பிக்கையுள்ள கத்தோலிக்கர். அவர் கோர்ட்டில் வைத்த ஒரு கணக்கு, நம்மைப் போன்ற பி.காம். ஆசாமிக்கும் பளிச்சென்று புரியும்.

மனிதனின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள். அதாவது 23 ஜோடி. சிம்பன்ஸி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் 48. அதாவது 24 ஜோடி. நமக்கும் இவர்களுக்கும் பொதுவான ஒரு பாட்டன் இருந்தான் என்கிறது பரிணாமக் கொள்கை. அப்படியென்றால் நம் கணக்கில் ஒரு ஜோடி உதைக்கிறதே, எங்கே போயிற்று?

தொலைந்துபோயிற்று என்று கைகழுவ முடியாது. ஒரு ஜோடி முழுசாகத் தொலைந்திருந்தால் அந்த உயிர் பிழைத்தே இருக்காது. ஒரே வழிதான் பாக்கி. இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகியிருக்கவேண்டும்.

ஒட்டியிருந்தால் தடயம் இருக்குமே? ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு நுனியிலும் ஷூ லேஸ் நுனியில் இருக்கிற பிளாஸ்டிக் உறை மாதிரி ஒரு பகுதி உண்டு. டெலோமியர் என்று பெயர். நடுவே ஓர் இடத்தில் சென்ட்ரோமியர் என்று ஒரு முடிச்சு. இரண்டு கணக்கு நோட்டுகளை ஒன்றாக பைண்டு பண்ணினால் என்ன ஆகும்? புத்தகத்துக்கு நடுவில் ஓர் அட்டை இருக்கும். அதுபோல, நம்முடைய குரோமோசோம்களில் ஏதோ ஒன்றில் நுனியில் இருக்கவேண்டிய டெலோமியர் நட்டநடுவில் இருக்கவேண்டும். முடிச்சும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கவேண்டும்.

எதிலுமே அப்படி இல்லை என்றால்? பொதுப் பாட்டன் கதை அம்பேல். டார்வின் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான்.

தேடினார்கள். இரண்டாம் எண் குரோமோசோமில் இருந்தது. ஒட்டுப்போட்ட இடத்தை 1991-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். 2005-ல் அந்தக் குரோமோசோமை முழுக்கப் படித்தபோது, வேலையில்லாமல் கிடக்கிற இரண்டாவது முடிச்சின் மிச்சமும் தெரிந்தது. அட்டை இருந்தது, தையலும் இருந்தது. மில்லர் இதைப் படம் போட்டுக் காட்டினார். ட்ரயல் பேலன்ஸ் ஒத்துப்போயிற்று.

*

அடுத்து எதிர்த்தரப்பின் முக்கிய சாட்சி. மைக்கேல் பீஹி, லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர். சாதாரணப்பட்ட ஆள் இல்லை. 1996-ல் எழுதிய ஒரு புத்தகத்தால் பிரபலமானவர்.

அவருடைய வாதத்துக்கு எலிப்பொறிதான் உதாரணம். பலகை, ஸ்பிரிங், கொக்கி. இதில் ஒன்றைக் கழற்றினாலும் எலி சிக்காது. அப்படியிருக்க, அது கொஞ்சம் கொஞ்சமாக எப்படி உருவாகியிருக்கும்? சில பாக்டீரியாக்களுக்கு நீந்துவதற்காக மோட்டார் மாதிரி சுழல்கிற ஒரு வால் உண்டு. அதுவும் அப்படித்தான், யாரோ மொத்தமாக வடிவமைத்திருக்கவேண்டும் என்றார் பீஹி.

மில்லர் ஏற்கெனவே இதற்குப் பதில் சொல்லியிருந்தார். அந்த வாலின் பாகங்களில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது உபயோகமற்ற குப்பை அல்ல. பிளேக் கிருமி நம் செல்லுக்குள் விஷத்தைச் செலுத்தப் பயன்படுத்துகிறதே ஓர் ஊசி, ஏறத்தாழ அதுதான். நீந்த உதவாத பாகம் வேறு வேலைக்கு உதவுகிறது.

பெற்றோர் தரப்பு வக்கீல் எரிக் ராத்ஸ்சைல்ட் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். நீங்கள் ‘தியரி’ என்ற சொல்லுக்குக் கொடுக்கிற விளக்கத்தை வைத்துப் பார்த்தால், ஜோசியமும் விஞ்ஞானத் தியரிதானா என்று கேட்டார். பீஹி சுற்றி வளைத்துப் பார்த்தார். கடைசியில் ஆமாம் என்று ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று.

நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்று விஞ்ஞானத்துக்குத் தெரியாது என்று பீஹி எழுதியிருந்தார். வக்கீல் அதைப் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும் கூடவே சில புத்தகங்களையும் அவர் முன்னால் அடுக்கினார். இது போதாது என்றார் பீஹி.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். தன் கொள்கையையும் பரீட்சிக்க முடியும் என்று பீஹி முன்பே எழுதியிருந்தார். வால் இல்லாத பாக்டீரியாவை, நீந்தினால்தான் பிழைக்கலாம் என்கிற நெருக்கடியில் பத்தாயிரம் தலைமுறை வளர்த்துப் பாருங்கள், வால் முளைத்தால் நான் சொல்வது தப்பு என்று. நல்ல சவால்தான்.

‘அந்தப் பரிசோதனையை நீங்கள் செய்து பார்த்தீர்களா?’ என்று கேட்டார் வக்கீல்.

இல்லை.

‘உங்கள் தரப்பில் வேறு யாராவது?’

இல்லை.

என்னைப் பொறுத்தவரை மொத்த வழக்கும் இந்த இரண்டு ‘இல்லை’யில் முடிந்துவிட்டது. ஒரு பக்கம், எங்கே உதைக்கிறது என்று தானே தேடிப் போகிற கணக்கப்பிள்ளை. இன்னொரு பக்கம், அடுத்த கடைக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, தன் பேரேட்டைத் திறக்கவே திறக்காத கணக்கப்பிள்ளை.

*

இந்த ‘டிசைன்’ எங்கிருந்து வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1925-ல் டென்னஸி மாகாணத்தில் பரிணாமத்தைச் சொல்லிக் கொடுத்தாலே குற்றம். ஜான் ஸ்கோப்ஸ் என்கிற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். ஒரு தொழில்நுட்பக் காரணத்தால் பிறகு அது ரத்தானது வேறு கதை. இப்படிப்பட்ட தடைகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 1968 ஆகிவிட்டது. தடுக்க முடியாது என்றானதும் கோஷம் மாறியது. தடுக்கவேண்டாம், ‘படைப்பு விஞ்ஞானம்’ என்று பைபிள் கதைக்கும் சமமாக நேரம் கொடுங்கள் என்றார்கள். 1982-ல் அர்கன்சாஸ் மாகாண வழக்கில் நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன், இது பரீட்சிக்கக்கூடியதும் அல்ல, விஞ்ஞானமும் அல்ல என்று தள்ளினார். 1987-ல் லூசியானா மாகாணச் சட்டத்தை உச்ச நீதிமன்றமே தள்ளியது. ‘படைப்பு’ என்ற சொல்லோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைய முடியாது என்றாகிவிட்டது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை பார்பரா ஃபாரஸ்ட் என்கிற தத்துவப் பேராசிரியை டோவர் வழக்கில் போட்டு உடைத்தார். ‘பாண்டாஸ்’ புத்தகத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகள் கோர்ட் உத்தரவால் வெளியே வந்திருந்தன. 1987 தீர்ப்புக்கு முந்தைய பிரதிகளில் எங்கு பார்த்தாலும் ‘படைப்பு’. பிந்தைய பிரதியில் அதே வாக்கியம், அதே விளக்கம். ‘படைப்பு’ இருந்த இடத்தில் மட்டும் ‘டிசைன்’. சுமார் 150 இடங்களில்.

அவசரத்தில் ஒரு தப்பும் நடந்திருந்தது. ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ என்ற சொல்லை அழித்துவிட்டு ‘டிசைன் புரொபொனன்ட்ஸ்’ என்று போடப்போனவர், பழைய சொல்லின் முதல் எழுத்தான ‘சி’யையும் கடைசித் துண்டையும் அழிக்காமல் விட்டுவிட்டார். ‘சிடிசைன் புரொபொனன்ட்சிஸ்ட்ஸ்’ என்று ஒரு விநோதப் பிறவி. பாதி பழையது, பாதி புதியது. இடைப்பட்ட உயிரினத்தின் புதைபடிவம் எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் புத்தகத்திலேயே ஒன்று கிடைத்துவிட்டது.

நூலகத்துக்கு அந்தப் புத்தகம் 60 பிரதி வந்த கதையும் கோர்ட்டில் சந்தி சிரித்தது. யாரோ பெயர் தெரியாத புண்ணியவான் கொடுத்தது என்றார்கள். விசாரித்தால், பக்கிங்ஹாம் தன் சர்ச்சில் பணம் திரட்டியிருக்கிறார். அதை செக்காக எழுதி போர்டு தலைவரிடம் கொடுத்திருக்கிறார். அது அந்தத் தலைவரின் அப்பாவுக்குப் போயிருக்கிறது. சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு முதலில் இதை ஏன் சொல்லவில்லை என்று நீதிபதியே நேரடியாகக் கேட்கும் நிலை வந்தது.

நவம்பர் 4-ம் தேதி விசாரணை முடிந்தது. நான்கே நாளில் ஸ்கூல் போர்டு தேர்தல். போட்டியிட்ட பழைய உறுப்பினர்கள் எட்டுப் பேரும் தோற்றுப்போனார்கள். தீர்ப்புக்குக்கூட ஊர் காத்திருக்கவில்லை.

டிசம்பர் 20-ல் 139 பக்கத் தீர்ப்பு வந்தது. இன்டெலிஜென்ட் டிசைன் விஞ்ஞானம் அல்ல. பெயர் மாற்றிக்கொண்ட படைப்புக் கொள்கைதான். அரசுப் பள்ளியில் அதற்கு இடமில்லை. தன் கட்சிக்காரர்கள் எதிர்பார்த்ததற்கு நேரெதிராக எழுதிய நீதிபதிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. வீட்டுக்குப் பாதுகாப்புப் போட வேண்டியிருந்தது. டோவர் பள்ளி மாவட்டம் எதிர்த்தரப்பு வக்கீல் செலவுக்காக மட்டும் சுமார் 10 லட்சம் டாலர் கட்டியது. வரி கட்டியவர்கள் பணம். புது போர்டு அப்பீலுக்குப் போகவில்லை. அதனால் சட்டப்படி இந்தத் தீர்ப்பு பென்சில்வேனியாவின் நடுப்பகுதியை மட்டும்தான் கட்டுப்படுத்தும்.

*

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது இன்னொரு விஷயமும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மீனிலிருந்து நாலுகால் பிராணி வந்தது உண்மையென்றால், இடைப்பட்ட ஜீவன் ஏறத்தாழ 37 கோடி வருஷப் பழமையான ஆற்றுப் பாறையில் இருக்கவேண்டும் என்று நீல் ஷூபினும் அவர் சகாக்களும் முன்கூட்டியே கணக்குப் போட்டார்கள். அந்த வயதுப் பாறை எங்கே வெளியே தெரிகிறது? கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில். 1999-லிருந்து ஆர்க்டிக் குளிரில் திரும்பத் திரும்பப் போய்த் தோண்டினார்கள். 2004-ல் கிடைத்தது. மீனின் செதில், ஆனால் கழுத்து உண்டு. துடுப்புக்குள்ளே மணிக்கட்டு மாதிரி எலும்பு. டிக்டாலிக் என்று பெயர் வைத்து, 2006 ஏப்ரலில் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

அதோடு சுபமா? இல்லை. 2010-ல் போலந்தில் அதைவிடப் பழைய நாலுகால் தடங்கள் கிடைத்ததாக ஒரு குழு அறிவித்தது. டிக்டாலிக்கை நேரடிப் பாட்டன் என்று சொல்ல முடியாது, அந்த மாற்றம் இன்னும் முன்னதாகவே தொடங்கியிருக்கவேண்டும் என்று கணக்கைத் திருத்தி எழுதவேண்டியிருந்தது. அதை யாரும் மூடி மறைக்கவில்லை. எழுதிய பக்கத்தையே சிவப்பு மையால் திருத்துவதுதான் அந்தத் தொழில்.

நமக்கு என்ன இதனால் என்று நினைக்கலாம். 2018 ஜனவரியில் மத்திய மனிதவள இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை விஞ்ஞானரீதியாகத் தவறு, பாடத்திட்டத்தை மாற்றவேண்டும் என்றார். குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொல்லவில்லை என்பது அவர் வாதம். நாட்டின் மூன்று விஞ்ஞான அகாடமிகள் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2023-ல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமப் பகுதியே இல்லை. பாடச்சுமை குறைப்பு என்றார்கள். விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறதே என்று பதில் வந்தது. இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு காமர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு அது கண்ணிலேயே படாது. என்னைப் போன்றவர்களுக்கு.

பரிணாமத்தை நம்பு என்று எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தவேண்டியதில்லை. ‘இது தப்பாக இருந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?’ என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். இந்தக் கேள்வியைத் தாங்குகிற எதையும் சயன்ஸ் வகுப்பில் நடத்தலாம். டோவரில் அந்த ஒரு நிமிஷ அறிக்கையை வாசித்தவர்கள், கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள் அல்லவா? பதில் அதிலேயே இருந்தது.